காற்றாலை போடப்போகிறோம் என்று ஊரில் எப்படிப் பேசத் தொடங்குவது?

கரிசல்பாதை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். காற்றாலை போடும் ஒரு சின்ன நிறுவனத்தில் எட்டு மாதமாக வேலை பார்க்கிறேன். விளாத்திகுளம் பக்கம் ஒரு கரிசல் ஊரில் 14 காற்றாலை, ஒவ்வொன்றும் 3 மெகாவாட், போடுவதாகத் திட்டம். காற்று அளக்கும் கம்பம் நட்டு ஒன்றரை வருடம் ஆகிறது, அளவு நன்றாகவே வந்திருக்கிறது. நிலம் பிடிக்கும் வேலையைப் புரோக்கர் ஒருவர் ஏற்கெனவே தொடங்கி ஆறேழு சர்வே எண்ணுக்கு அக்ரிமெண்ட்டும் போட்டுவிட்டார். இப்போது என்னைக் கூப்பிட்டு "ஊரில் போய்ப் பேசு, எதிர்ப்பு வராமல் பார்த்துக்கொள்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். சாவடித் திண்ணையில் பன்னிரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள், எல்லோரும் ஆண்கள், பாதிப் பேர் நிலம் கொடுக்கச் சம்மதித்தவர்கள். நான் லேப்டாப்பைத் திறந்து படம் காட்ட ஆரம்பித்ததும் பின்னால் இருந்த ஒரு பெரியவர் கேட்டார்: "தம்பி, உங்க ரோடு மேக்க இருந்து வர்ற ஓடையைத் தாண்டித்தானே போகணும்? அப்ப எங்க கண்மாய்க்குத் தண்ணி எந்த வழியா வரும்?" என் வரைபடத்தில் அப்படி ஒரு ஓடையே இல்லை. சர்வே எண், எல்லைக்கோடு, காற்றாலைப் புள்ளி, அவ்வளவுதான் இருந்தது. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த முகம் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

இன்னொருவர் காத்தாடி வந்தால் மழை போய்விடுமாமே என்று கேட்டார். எங்களுக்குக் கரண்ட் சும்மா கிடைக்குமா என்று ஒருவர், வீட்டுக்கு ஒரு வேலை என்று புரோக்கர் சொன்னாரே என்று இன்னொருவர். எதற்கும் உருப்படியான பதில் என்னிடம் இல்லை.

காற்றாலைக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயம் இல்லை, 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலிலேயே காற்றாலை கிடையாது, அதனால் பட்டாதாரர் கையெழுத்து இருந்தால் போதும் என்று மேலாளர் சொல்கிறார். சட்டப்படி அது சரிதான். ஆனால் இருபத்தைந்து வருடம் அந்த ஊரோடு இருக்கப்போகிற ஒன்றை இப்படித் தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும்?

மேலக்காடு

தம்பி, நான் கயத்தாறு பக்கம். எங்கள் குடும்பம் ஒன்றரை ஏக்கர் காற்றாலைக்குக் கொடுத்தது, பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பெரியவர் கேட்டதுதான் முதல் கேள்வி, மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். கிரேன் போவதற்காகக் காட்டுக்கு நடுவில் செம்மண்ணும் சரளையும் கொட்டி இடுப்பு உயரத்துக்கு ரோடு போட்டார்கள். போட்டது கோடையில். கோடையில் ஓடை என்பது வெறும் பள்ளம், அதில் நாலு கருவேல மரம் நிற்கும், வெளியூர் ஆளுக்கு அது ஓடை என்றே தெரியாது. குழாய் எதுவும் பதிக்காமல் அப்படியே நிரவிவிட்டுப் போய்விட்டார்கள். ஐப்பசியில் முதல் பெருமழை பெய்தது. ராத்திரியோடு ராத்திரியாக மேலக்காட்டுத் தண்ணீர் எல்லாம் ரோட்டில் முட்டி நின்று, உளுந்து முளைத்து ஒரு சாண் வந்திருந்த நாலு பேர் காடு மூழ்கிப் போனது. ரோட்டுக்குக் கீழ்ப்பக்கம் கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரே மழையில் இந்தப் பக்கம் வெள்ளம், அந்தப் பக்கம் வறட்சி. காலையில் மண்வெட்டியோடு போய் நாங்களே ரோட்டை வெட்டிவிட்டோம், அதற்கு எங்கள் மேல் போலீஸில் புகார் கொடுத்தார்கள். இரண்டு சிமெண்ட் குழாய் பதிக்க வைக்க மூன்று வருடம் அலைந்தோம், அத்தனைக்கும் அது ஒரு நாள் வேலை.

அதனால் நீ லேப்டாப்பை வண்டியிலேயே வைத்துவிட்டு, அந்தப் பெரியவரையும், கண்மாய்த் தண்ணீரைத் திறந்து பாய்ச்சும் ஊர் நீர்பாய்ச்சியையும் கூட்டிக்கொண்டு காலையில் வெயிலுக்கு முன்னால் ஓடையோடு நட. கிராம வரைபடமும் எஃப்எம்பியும் (ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் உள்ள நில அளவை வரைபடம்) கையில் இருக்கட்டும். ஓடை, வரத்துக்கால், ஊருணிக்கு வரும் சின்ன வாய்க்கால், வண்டிப்பாதை, எல்லாவற்றையும் அவர்கள் சொல்லச் சொல்லப் பேனாவில் குறித்துக்கொள். ரோடு எங்கெல்லாம் தண்ணீரைக் குறுக்கே வெட்டுகிறதோ அங்கெல்லாம் என்ன அளவில் பாலம் அல்லது குழாய் என்று எழுதி, வேலை தொடங்குவதற்கு முன்னாலேயே ஊர்க்காரர்கள் கையில் கொடு. குழாய் அளவையும் அவர்களிடமே கேள். பெருமழையில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்று அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள்.

அப்புறம் வேலை எந்த மாதம் என்பதையும் சொல்லிவிடு. மானாவாரிக் கரிசலில் புரட்டாசியில் விதைத்து தை, மாசியில் அறுப்போம். மாசிக்குப் பிறகு ஆடி வரை காடு சும்மாதான் கிடக்கும். அந்த இடைவெளியில் முடித்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. மழைக்காலத்தில் வண்டியை இறக்கினால் கரிசல் சேற்றில் உங்கள் கிரேனும் நிற்கும், எங்கள் வெள்ளாமையும் போகும்.

பல்சக்கரம்

பதினெட்டு வருடம் காற்றாலையில் டெக்னீஷியனாக இருந்தவன். ஆரல்வாய்மொழி, இராதாபுரம், உடுமலை, தேனி என்று எல்லாப் பக்கமும் ஏறி இறங்கியிருக்கிறேன். மேலக்காடு அண்ணாச்சி சொன்னதற்கு மேல் தண்ணீர் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, மற்றதைச் சொல்கிறேன்.

முதலில் உயரம். தூத்துக்குடி முள்ளக்காட்டில் 1986-இல் வைத்ததெல்லாம் 55 கிலோவாட். அப்புறம் முப்பந்தலிலும் கயத்தாறிலும் நம் ஆட்கள் பார்த்துப் பழகியது 225, 250 கிலோவாட் காற்றாலைகள், அவற்றின் டவரே முப்பதிலிருந்து ஐம்பது மீட்டர்தான். நீங்கள் கொண்டுவருவது 3 மெகாவாட் என்றால் டவர் 140 மீட்டரும் இறக்கைச் சுற்றின் குறுக்களவு 140 மீட்டருக்கு மேலும் இருக்கும். ஒரு இறக்கை மட்டுமே ஏறத்தாழ ஸ்ரீரங்கம் ராஜகோபுர உயரம். ஊர்க்காரர்கள் மனதில் இருக்கும் காத்தாடி வேறு, வந்து நிற்கப்போவது வேறு. இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால், டவர் எழும்பும் அன்றைக்கு ஏமாற்றிவிட்டார்கள் என்ற பேச்சு கிளம்பும், அதற்கு அப்புறம் நீங்கள் எதைச் சொன்னாலும் எடுபடாது. இதே அளவில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு இடத்துக்கு ஒரு வேன் பிடித்து ஊர்க்காரர்களைக் கூட்டிப்போங்கள். ஆனி, ஆடியில் காற்று உச்சத்தில் இருக்கும்போது கூட்டிப்போங்கள், இரவு எட்டு மணி வரை இருக்கட்டும், சத்தத்தைக் காதால் கேட்கட்டும், அங்குள்ள ஊர்க்காரர்களோடு நீங்கள் பக்கத்தில் இல்லாமல் பேசட்டும்.

இரண்டாவது தூரம். மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் குடியிருப்பிலிருந்து 500 மீட்டருக்குள் காற்றாலை கூடாது என்று இருக்கிறது, சத்தத்துக்காக. பொதுச்சாலை, கட்டடங்களிலிருந்து டவர் உயரம், இறக்கைச் சுற்றின் குறுக்களவில் பாதி, அதோடு 5 மீட்டர் கூட்டித் தள்ளி இருக்க வேண்டும். டவர் 140, குறுக்களவு 144 என்று வைத்தால் 140, 72, 5, மொத்தம் 217 மீட்டர். ஊர் எல்லையிலிருந்து மட்டும் அளக்காதீர்கள், காட்டுக்குள் தனியாக இருக்கும் தோட்ட வீட்டிலிருந்தும் அளங்கள். அந்த வீடுகள்தான் வரைபடத்தில் விட்டுப்போகும். காலையிலும் சாயங்காலமும் இறக்கையின் நிழல் வெட்டி வெட்டி வீட்டுக்குள் விழுந்தால் அதற்குள் மனுஷன் இருக்க முடியாது, நான் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், பத்து நிமிடத்தில் தலை கனத்தது.

மூன்றாவது வேலை. வீட்டுக்கு ஒரு வேலை என்று புரோக்கர் சொன்னதை நீங்களே ஊரில் நின்று மறுக்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். கட்டும் காலத்தில் நிறையப் பேருக்கு வேலை இருக்கும், உண்மை. ஓட ஆரம்பித்த பிறகு காவலுக்குச் சிலர், பராமரிப்புக்குச் சிலர், அவ்வளவுதான். ஊரில் ஐடிஐ படித்த பிள்ளைகள் இருந்தால் இப்போதே பெயர் வாங்கிப் பயிற்சிக்கு அனுப்புங்கள், இரண்டு பேருக்கு நிரந்தர வேலை கிடைத்தாலும் அது பெரிய விஷயம். கரண்ட் நேராகத் துணைமின்நிலையத்துக்குப் போகிறது, ஊருக்குத் தனியாக இறங்காது என்பதையும் மழுப்பாமல் சொல்லிவிடுங்கள்.

மழை விஷயத்தில் ஒன்று. தயவுசெய்து சிரித்துவிடாதீர்கள். காற்று அடிக்கிற மாதங்களில் அந்தப் பக்கம் மழை இல்லை என்பது அவர்கள் கண்ணால் பார்ப்பது. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு இங்கே வெறும் காற்றாக வருகிறது, காத்தாடி வருவதற்கு முன்னாலும் அப்படித்தான், ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்ன காலத்தில் காற்றாலை ஏது? உங்கள் ஊருக்கு மழை தருவது ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவம். மழைமேகம் நிற்கும் உயரம் வேறு, இறக்கை சுற்றும் இருநூறு சொச்சம் மீட்டர் வேறு. இதைப் பெரியவர்களிடமே கேள்வியாகக் கேட்டுப் பேசினால் புரிந்துகொள்வார்கள்.

கிடைவீட்டுப்பெண்

பன்னிரண்டு பேர் வந்தார்கள், எல்லோரும் ஆண்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்துதான் நான் ஆரம்பிக்கிறேன்.

என் அப்பா ஆட்டுக்கிடை போடுகிறவர். எங்களுக்குச் சொந்த நிலம் என்று ஒரு செண்ட் கிடையாது. மாசிக்குப் பிறகு அறுத்த காட்டில் ஆடு மேயும், ராத்திரி யார் காட்டில் கிடை போடுகிறோமோ அவர்கள் புழுக்கைக்காகப் பணமோ தானியமோ தருவார்கள், அதுதான் எங்கள் வருமானம். பக்கத்து ஊரில் காற்றாலை வந்தபோது யாரும் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஏனென்றால் கேட்பதற்கு எங்கள் பெயரில் பட்டா இல்லை. டவரைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள், அது கொஞ்ச இடம்தான், பரவாயில்லை. ஆனால் அந்த வேலி வழக்கமாக ஆடு தண்ணீருக்குப் போகிற பாதையின் மேல் விழுந்தது. அப்பாவும் அண்ணனும் நூற்றைம்பது ஆட்டை ஓட்டிக்கொண்டு தினமும் இரண்டு மைல் சுற்றிப் போனார்கள். வேலியை இருபது அடி தள்ளிப் போட்டிருந்தால் முடிந்திருக்கும் விஷயம். யாராவது ஒருவர் முன்னாலேயே கேட்டிருந்தால் அப்பா அந்தப் பாதையைக் கையைக் காட்டிச் சொல்லியிருப்பார்.

நிலம் கொடுத்தவருக்குப் பணம் கிடைக்கும், அவர் பேசாமல் இருப்பார். கொடுக்காத பக்கத்துக் காட்டுக்காரர், குத்தகைக்கு உழுபவர், ஆடு மேய்ப்பவர், களை எடுக்கப் போகிறவர்கள், இவர்கள்தான் காலம் முழுக்க அதன் கீழே நடமாடப் போகிறவர்கள். முதலில் இவர்களிடம் போங்கள்.

பெண்களைச் சாவடிக்குக் கூப்பிட்டால் வரமாட்டார்கள், வந்தாலும் பேசமாட்டார்கள். நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்குப் போங்கள், பதினொரு மணிக்கு மரத்தடியில் தண்ணீர் குடிக்க உட்காருவார்கள், அப்போது பேசுங்கள். மகளிர் குழுக் கூட்டம் நடக்கும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். விறகு பொறுக்கும் இடம், கருவேலங்காட்டுக்கு ஒதுங்கப் போகும் பாதை, வேலைக்கு வந்து தங்கும் வெளியூர் ஆட்கள் எங்கே குடியிருக்கப் போகிறார்கள், இப்படி அவர்கள் கேட்கும் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். கூட ஒரு பெண்ணை அழைத்துப் போங்கள், உங்கள் அலுவலகத்தில் யாரும் இல்லையென்றால் ஊர் அங்கன்வாடி டீச்சரைக் கேட்டுப் பாருங்கள்.

கிராம சபையிலும் கட்டாயம் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள் இருக்கிறது. ஆனால் அங்கே போய்த்தான் முதல்முதலாகச் சொல்வது என்று இருக்கக்கூடாது. அதற்குள் ஊரில் தெருத்தெருவாகப் பேசி முடித்திருக்க வேண்டும்.

மன்னார்த்தீவு

நான் இலங்கை, மன்னார். எங்கள் தீவின் தென்கரையில் தம்பபவனி என்று மின்சார சபை அமைத்த 30 காற்றாலைகள் 2020 முதல் நிற்கின்றன. அதற்குப் பிறகும் புதிய திட்டங்கள் வந்தன. அதானி நிறுவனம் தன் திட்டத்திலிருந்து 2025 பெப்ரவரியில் விலகியது, ஆனால் வேறு வேலைகள் தொடர்ந்தன. 2025 ஆகஸ்டில் காற்றாலைப் பாகங்களை ஏற்றிக்கொண்டு வாகனங்கள் தீவுக்குள் வரத் தொடங்கியபோது சனம் இரவு பகலாக வீதியில் இருந்து மறித்தது. கடைசியில் ஜனாதிபதி ஒரு மாதத்துக்கு வேலையை நிறுத்தி வைக்கச் சொன்னார்.

வெளியே இருந்து பார்ப்பவர்கள் மன்னார்ச் சனம் அபிவிருத்திக்கு எதிர் என்று எழுதினார்கள். அப்படி இல்லை. தட்டையான தீவு, மழைத்தண்ணீர் கடலுக்கு வடிகிற வழி அடைபட்டுப் போகிறது, ஊருக்குள் வெள்ளம் நிற்கிறது என்று கிராமத்து ஆட்கள் முதல் நாளிலிருந்தே சொன்னார்கள். கரைவலை இழுக்கிறவர்கள் மீன்பாடு குறைந்துவிட்டது என்றார்கள். வலசை வரும் பறவைகளுக்கு இது முக்கியமான இடம் என்று இன்னொரு பக்கம் கவலை. இதற்கெல்லாம் ஆம் என்றோ இல்லை என்றோ ஊரில் வந்து இருந்து கதைத்துப் பதில் சொல்லியிருக்க வேண்டும். தீர்மானத்தை எங்கோ எடுத்துவிட்டுப் பிறகு வந்து விளக்கம் சொன்னால் அதைக் கேட்க யாருக்கும் மனம் வராது.

உங்கள் பெரியவரும் எங்கள் ஆட்களும் கேட்டது ஒரே கேள்விதான், தண்ணீர் எந்த வழியால் போகும் என்று.

உடுமலைக்காற்று

எல்லோரும் பாதிப்பைக் குறைப்பது பற்றிப் பேசியாயிற்று. ஊருக்கு என்ன கிடைக்கும் என்பதையும் கொஞ்சம் பேச வேண்டும்.

மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாகவே வாங்கியது. விலை 1 கோடியே 55 லட்சம் ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மீதி 1 கோடியே 15 லட்சம் வங்கிக் கடன். காற்றாலை நிற்பது ஓடந்துறையில் இல்லை, காற்று நன்றாக அடிக்கும் எங்கள் உடுமலைப் பக்கம் மைவாடியில். தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் ஆகும் கரண்ட் பில்லைச் சமாளிக்கத்தான் தலைவராக இருந்த சண்முகம் இந்த யோசனையைக் கொண்டுவந்தார். ஊராட்சிக்குத் தேவைப்பட்டது போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்று, அந்த வருமானத்தில் கடனையும் அடைத்தார்கள். ஒரு கிராமம் காற்றைத் தன் சொத்தாக நினைக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

டென்மார்க்கில் 2009-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், புதிய காற்றாலையில் குறைந்தது 20 சதவீதப் பங்கை 4.5 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்கு முதலில் விற்க முன்வர வேண்டும் என்றது. நம்மிடம் அப்படிச் சட்டம் இல்லை, உங்கள் மேலாளர் பங்கு கொடுக்கச் சம்மதிக்கவும் மாட்டார். ஆனால் ஓடுகிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் இவ்வளவு பைசா என்று கணக்கிட்டு வருடாவருடம் ஊருக்குத் தர ஒப்பந்தம் போடலாம். நல்ல காற்று வருடம் ஊருக்கும் நல்ல வருடமாக இருக்கும். பணத்தைக் கோயில் கொடைக்குக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போவதோடு நிறுத்தாதீர்கள். கொடைக்கும் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் கண்மாய் மராமத்துக்கு என்று எழுதி வையுங்கள். சத்தம், ஓடை, வேலி எதுவானாலும் கூப்பிட்டால் எடுக்கும் ஒரு போன் நம்பரையும் டவர் அடியில் எழுதிப் போடுங்கள். நிறுவனம் கை மாறும், பராமரிப்புக் காண்ட்ராக்ட் மாறும், யாரைக் கேட்பது என்று தெரியாமல் ஊர்க்காரர்கள் வாட்ச்மேனிடம் சண்டை போட்டுக்கொண்டு நிற்பதை நான் பல இடத்தில் பார்த்திருக்கிறேன்.

கரிசல்பாதை

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரமாகப் பதில் போட முடியவில்லை, ஊரிலேயே இருந்தேன்.

மேலக்காடு அண்ணாச்சி சொன்னபடி அந்தப் பெரியவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். முதலில் முகம் கொடுக்கவில்லை. மறுநாள் காலை ஐந்தரைக்கு அவரே நீர்பாய்ச்சியைக் கூட்டிக்கொண்டு கண்மாய்க் கரையில் நின்றார். மூன்றரை மணி நேரம் நடந்தோம். எங்கள் ரோடு ஓடையை மூன்று இடத்தில் வெட்டுகிறது, அதில் ஒரு இடம் கண்மாயின் முக்கிய வரத்துக்கால். எட்டாம் எண், ஒன்பதாம் எண் காற்றாலைக்குப் போகும் ரோட்டை வடக்கே திருப்பினால் இரண்டு வெட்டு குறைகிறது, நானூறு மீட்டர் தூரம்தான் கூடுகிறது. ஒரு கருவேல மரத்தில் பெரியவர் இடுப்புக்கு மேல் கையை வைத்து, பெருமழைக்கு இதுவரை தண்ணீர் ஏறும் என்று காட்டினார், நான் அங்கேயே டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டேன்.

பல்சக்கரம் அண்ணா, தோட்ட வீடுகளையும் அளந்தேன். ஒரு வீடு 430 மீட்டரில் வருகிறது. அந்தப் புள்ளியை நகர்த்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அக்கா, நூறு நாள் வேலை இடத்துக்கும் போனேன். நீங்கள் சொன்னது போலவே ஆட்டுப்பாதை ஒன்று பன்னிரண்டாம் எண் வேலிக்குள் போகிறது, அதை நாற்பது வருடமாக நடக்கும் ஒரு பாட்டிதான் சொன்னார்கள். எங்கள் வரைபடத்தில் அதுவும் இல்லை. வேலைவாய்ப்பு பற்றிப் புரோக்கர் சொன்னது தவறு என்று சாவடியில் நின்று சொன்னேன், கொஞ்சம் சத்தம் போட்டார்கள், ஆனால் யாரும் எழுந்து போகவில்லை.

மேலாளர் ரோட்டை மாற்றச் சம்மதித்துவிட்டார், யூனிட்டுக்கு இவ்வளவு என்பதற்கு இன்னும் பதில் இல்லை.

இப்போது வேறு ஒரு சிக்கல். புரோக்கர் போட்ட அக்ரிமெண்ட்டுகளில் ஒருவருக்கு ஒரு விலை, பக்கத்துக் காட்டுக்காரருக்கு வேறு விலை. குறைவாக வாங்கியவர்களில் இரண்டு பேர் கைம்பெண்கள். இது இன்னும் ஊரில் வெளியே வரவில்லை, வந்தால் இதுவரை பேசியதெல்லாம் போய்விடும். என்ன செய்வது?

மேலக்காடு

வெளியே வரும்வரை காத்திருக்காதே தம்பி, அது எப்படியும் வரும். எங்கள் ஊரில் வந்ததும் அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்தினார்கள், இன்றைக்கும் ஒரு வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் போவதில்லை.

இருப்பதிலேயே அதிகமாகக் கொடுத்த விலை எதுவோ அதுதான் எல்லோருக்கும் என்று நிறுவனத்திடம் எழுதி வாங்கு. மொத்தத் திட்டச் செலவில் அந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை, உன் மேலாளருக்குக் கணக்குப் போட்டுக் காட்டு. பழைய அக்ரிமெண்ட்டைத் திருத்தி எழுத அந்த இரண்டு பெண்கள் வீட்டுக்கு முதலில் போ, புரோக்கர் இல்லாமல் போ, அவர்கள் சொந்தத்தில் படித்த பிள்ளை யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டு. அதற்குப் பிறகு ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிச் சாவடிச் சுவரில் ஒட்டிவிடு. புரோக்கர் கோபப்படுவார், படட்டும்.

ரோட்டுக்குக் குழாய் பதிக்கும் அன்றைக்குச் சொல், நான் வந்து பார்க்கிறேன். கயத்தாறிலிருந்து பஸ் இருக்கிறது.